வடசென்னையிலிருந்து பிள்ளைகளைக் கோளரங்கத்துக்குக் கூட்டிப்போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்கு மாணவர்களைக் கூட்டிப்போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இந்தப் பகுதியில் அறிவியல் பாடம் எடுக்கும் ஆசிரியர். சக ஆசிரியர்களும் பெற்றோரும் என்னிடம் கேட்கிற கேள்விகள்தான் இவை.

கோளரங்கம் என்றால் தியேட்டரில் படம் பார்ப்பது மாதிரிதானே? அதற்கு எதற்கு இவ்வளவு தூரம்?

படம் எதிரே ஓடும். இங்கே தலைக்கு மேலே இருக்கும் அரைக்கோளக் கூரை முழுவதும் திரை. சாய்ந்து உட்கார்ந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். விளக்கை மெல்ல மெல்லக் குறைத்து, இன்றைக்குச் சென்னையில் பொழுது சாய்ந்ததும் தெரிய வேண்டிய வானத்தை அப்படியே விரிப்பார்கள். தெரிய வேண்டிய வானம் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். துறைமுகத்து விளக்குகள், சாலை விளக்குகள், எண்ணூர்ப் பக்கத்துப் புகை எல்லாம் சேர்ந்து நம் பிள்ளைகளுக்கு வானத்தில் மிச்சம் வைத்திருப்பது பத்துப் பதினைந்து நட்சத்திரங்கள். இருட்டான இடத்தில் வெறுங்கண்ணால் ஆயிரக்கணக்கில் பார்க்கலாம். வடசென்னைப் பிள்ளைக்குக் கோளரங்கம் இன்னும் அதிகமாகத் தேவை என்று நான் சொல்வது இதனால்தான்.

நட்சத்திரங்களை இப்படிக் கூரையில் வீழ்த்திக் காட்டும் கருவியை முதலில் செய்தது ஜெர்மனியின் செய்ஸ் நிறுவனம், 1923-இல், ம்யூனிக் அருங்காட்சியகத்துக்காக. கொல்கத்தா பிர்லா கோளரங்கத்தை 1963-இல் நேரு திறந்துவைத்தார். சென்னையில் 1988-இல் வந்தது. கிண்டி காட்டை ஒட்டிய காந்தி மண்டபம் சாலையில், பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மைய வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒரே நேரத்தில் இருநூறு பேருக்கு மேல் உட்காரலாம்.

எந்த வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம்?

என் கணக்கில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை சரியான வயது. ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலில் பேரண்டமும் சூரியக் குடும்பமும் வருகிறது. எட்டாம் வகுப்பு அறிவியலிலும் ஒன்பதாம் வகுப்பு அறிவியலிலும் அண்டம் பற்றிய பாடம் இருக்கிறது. அந்தப் பாடத்தைத் தொடங்கும் வாரத்தில் போனால் நல்லது. பாடம் முடித்துவிட்டுப் போனால், விடை தெரிந்த கேள்வியைத் திரும்பக் கேட்பது போல ஆகிவிடும்.

மூன்றாம் வகுப்புக்குக் கீழே வேண்டாம். இருட்டில் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்வது அந்த வயதுக்குப் பெரிய பாடு. பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் எந்தத் தலைமையாசிரியரும் வெளியே விடமாட்டார். அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஒரு அரை நாளில் அவர்கள் மார்க் ஒன்றும் கரைந்துவிடாது.

எந்த மாதத்தில் போவது?

பொங்கல் விடுமுறை முடிந்து பிப்ரவரி கடைசிவரை அருமையான காலம். வெயில் ஏறியிருக்காது, மழை இருக்காது. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம் என்பதால் அனுமதி கேட்கவும் ஒரு காரணம் கிடைக்கிறது. ஆனால் அந்த நாளன்றே போக வேண்டாம், கூட்டம் இருக்கும். அது இல்லையென்றால் ஜூலை, ஆகஸ்ட். சந்திரயான்-3 நிலவில் இறங்கிய ஆகஸ்ட் 23 இப்போது தேசிய விண்வெளி தினம்.

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வேண்டவே வேண்டாம். மழை வந்தால் நம் பக்கத்துச் சுரங்கப்பாதைகளின் நிலைமை எல்லோருக்கும் தெரியும். கணேசபுரத்தில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடிப் பிள்ளைகள் வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும்.

யாரிடமெல்லாம் அனுமதி வாங்க வேண்டும்? முன்பதிவு எப்படி?

தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு, உங்கள் பள்ளி எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறதோ அந்தக் கல்வி அலுவலர். மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம். அதிலேயே அவசரத்துக்கு அழைக்க இரண்டு போன் நம்பர், ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை ஏதாவது உண்டா என்ற விவரம். வலிப்பு பற்றி முக்கியமாகக் கேளுங்கள், காட்சியில் வெளிச்சம் சட்டென்று மாறும் இடங்கள் வரும்.

கோளரங்கத்துக்கு முதலில் போன் செய்து நேரம், கட்டணம், பள்ளிகளுக்கான சலுகை, எந்த நேரக் காட்சி தமிழில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இவை அவ்வப்போது மாறும், போன வருஷம் போன பள்ளி சொன்னதை நம்பிக் கிளம்பாதீர்கள். அப்புறம் பள்ளி லெட்டர்ஹெட்டில் மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, தேதி, காட்சி நேரம் குறிப்பிட்டுக் கடிதம் கொடுங்கள். அதன் நகல் ஒன்று அன்றைக்கு உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.

ஆங்கில மீடியம் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் காட்சி, தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குத் தமிழ்க் காட்சி என்று பிரிக்கலாமா?

பிரிக்காதீர்கள். எல்லோரையும் தமிழ்க் காட்சிக்கே கூட்டிப்போங்கள். ஆங்கில மீடியம் என்றாலும் வீட்டில் பேசுவது தமிழ்தானே. இருட்டில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு, காதால் மட்டும் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டிய இடம் அது. அங்கே புரியாத ஒரு சொல்லுக்கு அர்த்தம் யோசித்தால் அடுத்த நாலு வாக்கியம் போய்விடும். தெலுங்கும் உருதும் பேசும் பிள்ளைகள் நம் பகுதியில் நிறைய உண்டு, அவர்களும் தெருவில் விளையாடுவது தமிழில்தான்.

வரப்போகும் சொற்களை முந்தின நாளே கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். விண்மீன், கோள், துணைக்கோள், விண்மீன் குழு, ஒளியாண்டு, பால்வழி. ஆங்கில மீடியம் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே அவர்கள் பாடப்புத்தகத்துச் சொல்லையும் எழுதிவிட்டால் போதும்.

எப்படிப் போவது? பஸ்ஸா, ரயிலா, மெட்ரோவா?

அறுபது பேருக்கு மேல் என்றால் வாடகைப் பஸ்தான் சரி. பள்ளி வாகனம் இருந்தால் இன்னும் நல்லது. வண்டியின் தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், டிரைவரின் உரிமம் மூன்றையும் முந்தின நாளே வாங்கிப் பாருங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் டிராவல்ஸ்காரர் நமக்கு வேண்டாம்.

திருவொற்றியூர், எண்ணூர் பக்கமிருந்து கிளம்புபவர்கள் கன்டெய்னர் லாரிகளைக் கணக்கில் வைக்க வேண்டும். துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் லாரி வரிசையில் மாட்டினால் மாட்டியதுதான். அப்புறம் ராஜாஜி சாலை, கடற்கரை, சாந்தோம், அடையாறு வழியாகப் போகலாம், இல்லை அண்ணா சாலையில் சைதாப்பேட்டை வரை போய்த் திரும்பலாம். மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் சாலை குறுகிக் கிடப்பதால், எந்த வழி என்பதை முந்தின நாள் டிரைவரோடு பேசி முடிவு செய்யுங்கள். காட்சி பதினொன்றரைக்கு என்றால் எட்டரைக்குக் கிளம்பச் சொல்வேன். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் மரத்தடியில் உட்காரலாம். தாமதமாகப் போனால் இருட்டிய பிறகு கதவைத் திறந்து ஒரு வகுப்பையே உள்ளே விடமாட்டார்கள், விடவும் கூடாது.

முப்பது நாற்பது பேர் மட்டும் என்றால், அதுவும் பெரிய பிள்ளைகள் என்றால், மெட்ரோவையும் யோசியுங்கள். விம்கோ நகரிலிருந்து புது வண்ணாரப்பேட்டை, மண்ணடி, சென்ட்ரல் வழியாகச் சின்னமலை வரை மாறாமல் ஒரே ரயிலில் போகலாம். அங்கிருந்து கோளரங்கம் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு மட்டும் பஸ்ஸோ ஆட்டோவோ ஏற்பாடு வேண்டும். நகரும் படிக்கட்டில் முதல் தடவை கால்வைக்கும் பிள்ளைகள் தயங்குவார்கள், மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று பெரியவர்கள் நிற்க வேண்டும்.

புறநகர் ரயிலில் கடற்கரை நிலையம் வந்து பறக்கும் ரயிலுக்கு மாறினால் கோட்டூர்புரம் நிலையத்திலேயே இறங்கலாம். செலவு மிகவும் குறைவு. ஆனால் ரயில் நிற்கிற அரை நிமிடத்துக்குள் நாற்பது பிள்ளைகளை ஏற்றி இறக்க வேண்டும். உதவிக்கு ஆள் நிறைய இருந்தால் மட்டும் இந்த வழி.

எத்தனை பெரியவர்கள் உடன் வர வேண்டும்?

பத்துப் பிள்ளைக்கு ஒருவர். பெண் பிள்ளைகள் இருந்தால் ஆசிரியைகள் கட்டாயம். பெற்றோரில் இரண்டு மூன்று பேரைக் கூப்பிடுங்கள். காசிமேட்டிலும் கொருக்குப்பேட்டையிலும் வேலைக்குப் போகிற அம்மாக்களுக்கு ஒருநாள் கூலி போகும் என்பதை நினைவில் வைத்து, வர முடிந்தவர்களிடம் மட்டும் கேளுங்கள்.

பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்து, ஜோடிக்கு ஒரு எண் கொடுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணை அவர்களே வரிசையாகச் சொல்ல வேண்டும். ஆசிரியர் தலை எண்ணுவதைவிட இது வேகம். ஒரு எண் வராமல் நின்றால் யார் என்று உடனே தெரிந்துவிடும். யூனிஃபார்மிலேயே வரட்டும்.

பணம் கட்ட முடியாத பிள்ளைகளை என்ன செய்வது?

கூட்டிப்போவது. ஒரு பிள்ளை பணம் இல்லாமல் வகுப்பில் தனியாக உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் பஸ் ஏறுவது நடக்கவே கூடாது. அப்படித்தான் நடக்கும் என்றால் பயணமே வேண்டாம்.

நடைமுறையில் நான் சொல்வது இது. மொத்தச் செலவைக் கணக்குப் போட்டு, அதில் பாதியை முன்னாள் மாணவர்கள், பகுதி வியாபாரிகள், பள்ளி மேலாண்மைக் குழு மூலம் திரட்டிவிட்டு, மிச்சத்தை மட்டும் பிள்ளைகளிடம் கேளுங்கள். யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்பது வகுப்பாசிரியர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். பெயரைக் கரும்பலகையில் எழுதுவது, வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்வது, இந்தப் பழக்கமெல்லாம் ஒழிய வேண்டும்.

அவ்வளவு தூரம் போகிறோம், அன்றைக்கே பாம்புப் பண்ணை, சிறுவர் பூங்கா, நூலகம், மெரினா எல்லாம் முடித்துவிட்டு வரலாமே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நான் அதிகம் சண்டை போடுவதும் இதற்காகத்தான். வேண்டாம்.

ஒரே நாளில் நாலு இடம் என்றால், ஒவ்வொரு இடத்திலும் பிள்ளைகள் காதில் விழுவது "சீக்கிரம், சீக்கிரம்" என்பது மட்டும்தான். கோளரங்கத்தை விட்டு வெளியே வரும்போது பிள்ளைகளுக்குள் கேள்விகள் பொங்கிக்கொண்டிருக்கும். வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்று, "மிஸ், நெஜமாவே அவ்ளோ நட்சத்திரம் இருக்கா?" என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் அடுத்த இடத்துக்கு வரிசையில் நிற்க வைத்தால் கேள்வி அங்கேயே செத்துவிடும். வளாகத்திலேயே மரத்தடியில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். பேச விடுங்கள். அறிவியல் மையத்தின் காட்சிக்கூடங்களும், வெளியே தொட்டு இயக்கிப் பார்க்கும் அறிவியல் பூங்காவும் அங்கேயே இருக்கின்றன. ஒரு நாளுக்கு அது தாராளம்.

பெற்றோர் பீச்சுக்குக் கூட்டிப்போகச் சொல்வார்கள். கடல் நமக்குத் தெருக்கோடியில் இருக்கிறது, அதற்கு இன்னொரு நாள் போகலாம்.

போவதற்கு முன்னால் வகுப்பில் என்ன செய்ய வேண்டும்?

ஒரு பீரியட் ஒதுக்கினால் போதும். பழைய ஷூ பெட்டி ஒன்று, ஒரு டார்ச், ஒரு ஊசி. பெட்டியின் பக்கவாட்டில் வேட்டைக்காரன் என்ற ஓரியன் விண்மீன் குழுவின் வடிவத்தில் துளை போடுங்கள். நாலு மூலைக்கு நாலு, நடுவில் இடுப்புப் பட்டை மாதிரி வரிசையாக மூன்று. திருவாதிரை விண்மீன் வரும் தோள் மூலையில் துளையைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். ஜன்னலை மூடி, பெட்டிக்குள் டார்ச்சை எரியவிட்டால் சுவரில் ஏழு புள்ளி விழும். பெட்டியைத் திருப்பினால் ஏழும் சேர்ந்தே திரும்பும். பழைய கோளரங்கக் கருவியின் அடிப்படை இவ்வளவுதான். உருண்டைக்குள் விளக்கு, உருண்டை முழுக்க ஆயிரக்கணக்கில் நுண்துளைகள். இப்போது டிஜிட்டல் ப்ரொஜெக்டர்கள் வந்துவிட்டன. ஆனால் நட்சத்திரங்கள் ஏன் இடம் மாறாமல் மொத்தமாக நகர்கின்றன என்பது பெட்டியைத் திருப்பும்போதுதான் பிள்ளைகளுக்குப் பிடிபடும்.

அப்புறம் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கேள்வி எழுதி எடுத்துவரட்டும். நல்ல கேள்வி, கெட்ட கேள்வி என்று திருத்தாதீர்கள்.

பாட்டி "உன் நட்சத்திரம் ரோகிணி" என்று சொல்லியிருக்கிறார். கோளரங்கத்தில் அதைக் காட்டுவார்களா? ஜோசியத்தை அறிவியல் பாடத்தில் கலப்பது சரியா?

ஜோசியத்தைக் கலக்க வேண்டாம். ஆனால் ரோகிணி வானத்தில் நிஜமாகவே இருக்கிறது, சிவந்த பெரிய விண்மீன். கார்த்திகை என்பது ஆறு நட்சத்திரங்களாகத் தெரியும் கொத்து, உண்மையில் அதில் நூற்றுக்கணக்கான விண்மீன்கள் உண்டு. திருவாதிரை ஓரியனின் தோளில் இருக்கும் சிவப்பு விண்மீன், அங்கிருந்து வெளிச்சம் வர நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். சித்திரை, சுவாதி, கேட்டை, மகம் எல்லாமே கண்ணால் பார்க்கக் கூடியவை. நிலா நாளுக்கு ஒன்றாக இவற்றைக் கடந்து வானத்தைச் சுற்றிவர ஏறக்குறைய 27 நாள் ஆகிறது, அதனால்தான் 27 நட்சத்திரங்கள். பிள்ளை பிறந்த அன்றைக்கு நிலா எந்த நட்சத்திரத்தின் பக்கத்தில் இருந்ததோ அதுதான் பாட்டி சொல்வது. அந்த நட்சத்திரம் பிள்ளையின் மார்க்கையோ கல்யாணத்தையோ தீர்மானிக்காது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ராகு, கேது என்று இரண்டு கோள்கள் உண்டா என்று கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும். அவை பொருள்கள் அல்ல. நிலாவின் பாதையும் சூரியனின் தோற்றப் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகள். அமாவாசையோ பௌர்ணமியோ அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் நடந்தால் கிரகணம். மாதாமாதம் ஏன் கிரகணம் வருவதில்லை என்பதற்கும் இதுவே விடை.

எல்லா வீட்டிலும் பாட்டி நட்சத்திரம் சொல்வதில்லை. ராயபுரத்தில் ஒரே பெஞ்சில் மூன்று மதப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ரமலானுக்குப் பிறை பார்ப்பது வானியல்தான். ஈஸ்டர் தேதி, மார்ச் மாதச் சம இரவு நாளிலோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்று கணக்கிடப்படுகிறது. மூன்றையும் ஒரே பீரியடில் பேசிப் பாருங்கள், வகுப்பே விழித்துக்கொள்ளும்.

உள்ளே இருட்டில் பிள்ளைகள் பயந்தால்? தலை சுற்றினால்?

விளக்கு குறையும்போது "ஓ" என்று ஒரு கூச்சல் எழும். அதை அதட்டாதீர்கள், தானாக அடங்கும். பயப்படக் கூடிய பிள்ளையை ஆசிரியர் பக்கத்தில், நடைபாதை ஓரமாக உட்கார வையுங்கள்.

வானம் வேகமாகச் சுழலும் காட்சியில் சிலருக்குத் தலை சுற்றும். கண் "நகர்கிறோம்" என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "இல்லை, உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது. இந்தக் குழப்பம்தான் காரணம். கண்ணை மூடி இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டால் சிறிது நேரத்தில் சரியாகும். இதை முன்பே சொல்லிவைத்தால் யாரும் அலறமாட்டார்கள். வெறும் வயிற்றோடும் வர வேண்டாம், பூரி கிழங்கை ஒரு பிடி பிடித்துவிட்டும் வர வேண்டாம். இட்லி போதும்.

கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒரு செல்போன் வெளிச்சம் பட்டால் பழகியது வீண். போன்களை அணைத்துவிடுங்கள், ஆசிரியர்களும்தான். நடந்தால் மின்னும் லைட் வைத்த ஷூ சின்னப் பிள்ளைகள் காலில் இருக்கும். காலை ஆட்டினால் வரிசைக்கே சிவப்பும் பச்சையும் அடிக்கும், கவனியுங்கள். சிப்ஸ் பாக்கெட் சரசரப்பும் அந்த அமைதியில் பெரிதாகக் கேட்கும்.

சாப்பாடு, கழிப்பறை?

கட்டுச்சாதம் வீட்டிலிருந்தே வரட்டும். புளிசாதம், தக்காளி சாதம் கெடாது. தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும். பள்ளியில் மதிய உணவு சாப்பிடும் பிள்ளைகள் இருந்தால் சத்துணவு அமைப்பாளரிடம் முன்பே பேசி அவர்களுக்கான ஏற்பாட்டைச் செய்யுங்கள், யாரும் வெறும் கையோடு பஸ் ஏறக் கூடாது. தண்ணீர் பாட்டில் ஆளுக்கொன்று. குப்பைக்கு இரண்டு பெரிய பை.

கிளம்பும் முன் பள்ளியிலேயே ஒரு தடவை, காட்சிக்கு இருபது நிமிடம் முன்னால் ஒரு தடவை, எல்லோரும் கழிப்பறைக்குப் போய்வர வேண்டும். ஆசிரியையின் பையில் நாப்கின் கட்டாயம் இருக்கட்டும். அது இருக்கிறது என்பதைப் பெண் பிள்ளைகளிடம் முன்பே சொல்லியும் வையுங்கள்.

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளை எப்படிக் கூட்டிப்போவது?

சக்கர நாற்காலிக்கான வழி, உட்காரும் இடம் இரண்டையும் முன்பதிவின்போதே கேளுங்கள். காது கேளாத பிள்ளைகளுக்கு இருட்டில் சைகையும் உதட்டசைவும் தெரியாது, ஆகவே காட்சியின் கதையை முந்தின நாள் படங்களோடு விளக்கிவிட வேண்டும். பார்வையில்லாத பிள்ளையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். விளக்கவுரை முழுவதும் அவர்களுக்குக் கிடைக்கிறது. கெட்டி அட்டையில் மணியோ பொத்தானோ ஒட்டி விண்மீன் குழுக்களைச் செய்து மடியில் கொடுத்தால், பேசப்படும் வடிவத்தை விரல் தொட்டுப் பார்க்கும்.

பிள்ளைகள் கேட்கிற கேள்விக்கு எனக்கு விடை தெரியாவிட்டால்?

"தேடிப் பார்த்து நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லி, நாளைக்கே சொல்லிவிடுங்கள். அதிகம் வரும் இரண்டுக்கு மட்டும் இங்கேயே விடை. சூரிய வெளிச்சம் நம்மை வந்து சேர எட்டு நிமிடம் 20 விநாடி ஆகிறது. அடுத்த மிக அருகிலுள்ள விண்மீன் கூட்டமான ஆல்ஃபா சென்டாரியிலிருந்து வர நாலு ஆண்டுக்கு மேல். ஆறாம் வகுப்புப் பிள்ளை இன்று அதைப் பார்த்தால், அவன் முதல் வகுப்பிலோ இரண்டாம் வகுப்பிலோ இருந்தபோது புறப்பட்ட வெளிச்சம் அது.

சென்னைக்கும் வானியலுக்கும் என்ன சம்பந்தம்? பிள்ளைகளுக்குச் சொல்ல ஏதாவது உண்டா?

நிறைய உண்டு. பயணத்தின்போது பஸ்ஸிலேயே சொல்லலாம். கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் மதராஸ் வானோக்ககத்தை 1792-இல் அமைத்தது. அதன் பழைய கருங்கல் தூண் இன்றும் அங்குள்ள வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது, தமிழ் எழுத்தும் அதில் பொறித்திருக்கிறது. இந்திய நிலப்பரப்பை அளந்த பெரும் அளவைப் பணிக்கு அந்த வானோக்ககம்தான் ஆதாரப் புள்ளி. ஒரு காலத்தில் இந்திய ரயில்கள் ஓடியதே மதராஸ் நேரத்தில்தான், அந்த நேரத்தைக் கணித்துக் கொடுத்தது இந்த இடம். 1861-இல் நார்மன் போக்சன் இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்று பெயர் வைத்தார்.

அவரிடம் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874 டிசம்பரில் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தபோது, என்ன நடக்கப்போகிறது என்பதை இந்திய மொழிகளிலும் எழுதி வெளியிட்டார். கல்லூரிப் பட்டம் பெறாமல், வேலையிலேயே கற்றுத் தேர்ந்த மனிதர். எங்கள் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் அவருடையதுதான்.

திரும்பி வந்ததும் என்ன செய்வது? நம் வானத்தில்தான் ஒன்றும் தெரியாதே?

தெரிவதை வைத்துத் தொடங்கலாம். நிலா, வெள்ளி, வியாழன், செவ்வாய், சனி இவற்றை எந்த மாடியிலிருந்தும் பார்க்கலாம். ஜனவரி முதல் மார்ச் வரை முன்னிரவில் ஓரியன் தலைக்கு மேலே நிற்கும், சுவரில் பெட்டியும் டார்ச்சும் காட்டிய அதே ஏழு புள்ளிகள். தெற்கே தாழ்வாக அகத்திய நட்சத்திரம். லண்டனில் இருப்பவர்களுக்கு அது அடிவானத்துக்கு மேல் எழும்புவதே இல்லை.

நமக்குக் கடல் கிழக்கே இருப்பது பெரிய வசதி. பௌர்ணமியன்று பொழுது சாயும் நேரத்தில் திருவொற்றியூர்க் கடற்கரையிலோ காசிமேட்டிலோ நின்றால் நிலா கடலிலிருந்து ஏறுவதை முழுசாகப் பார்க்கலாம். அடுத்த நாள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தாமதமாக எழும். இரண்டு நாளும் நேரத்தைக் குறித்து, ஏன் என்று பிள்ளைகளே யோசிக்கட்டும். கடலுக்குப் போகும் அப்பாவோ தாத்தாவோ இருக்கும் வீட்டுப் பிள்ளைகளிடம், கரை தெரியாத இடத்தில் ராத்திரி எந்த வெள்ளியை, அதாவது எந்த நட்சத்திரத்தை, பார்த்துத் திசை பிடிப்பார்கள் என்று கேட்டுவரச் சொல்லுங்கள். அன்றைக்கு வகுப்பில் பாடம் எடுப்பது அந்தப் பிள்ளைகளாகத்தான் இருக்கும்.

பகலிலும் ஒன்று உண்டு. ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாட்களை ஒட்டிச் சென்னையில் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வரும், செங்குத்தாக நிற்கும் பொருளுக்கு நிழல் விழாது. ஆகஸ்டில் பள்ளி நடக்கும். பன்னிரண்டு மணிக்கு மைதானத்துக்குப் போய், தண்ணீர் பாட்டிலை நிற்க வைத்து, பன்னிரண்டேகால் வரை பார்த்துக்கொண்டிருங்கள். சூரியனை மட்டும் யாரும் நேராகப் பார்க்கக் கூடாது.

கட்டுரை எழுதச் சொல்லலாமா?

"நாங்கள் காலை எட்டரை மணிக்குப் பேருந்தில் புறப்பட்டோம்" என்று தொடங்கும் நாற்பது கட்டுரைகள் வரும். அதற்குப் பதில், எழுதிக்கொண்டு போன கேள்விக்கு விடை கிடைத்ததா, புதிதாக என்ன கேள்வி வந்தது என்று இரண்டு வரி எழுதட்டும். வரைய விரும்புபவர்கள் வரையட்டும். மார்க் போடாதீர்கள்.

எங்கள் பள்ளிக்கு எப்படியும் இந்த வருஷம் போக முடியாது. வேறு வழி?

காற்று ஊதி நிறுத்தும் நடமாடும் கோளரங்கங்கள் இருக்கின்றன. பள்ளி ஹாலிலேயே நிறுத்திவிடுவார்கள், முப்பது பேர் போல உள்ளே உட்காரலாம். வாடகைக்கு எடுக்கும்போது நாலு பள்ளிகள் சேர்ந்தால் செலவு தாங்கும். ஹை டெக் லேப் கம்ப்யூட்டரில் ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, இடத்தைச் சென்னை என்று வைத்து, ப்ரொஜெக்டரில் காட்டலாம். வளிமண்டலத்தை நீக்கும் பொத்தானை அழுத்தினால் பட்டப்பகலிலும் நட்சத்திரங்கள் வந்து நிற்கும். சூரியனுக்குப் பின்னால் இன்றைக்கு எந்த ராசி இருக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி மட்டும் தேவை, தையல் கடையில் மீட்டர் கணக்கில் கேட்டால் கிடைக்கும்.